கூண்டில் இடும் மரம்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்களிற் பெரும்பாலோர் மாடிக் குடியிருப்புகளிலேயே காலம் கழிக்கிறோம். தோட்டம் இல்லை, திண்ணை இல்லை. நாய் வளர்த்தால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். ஆதலின் நம் பிள்ளைகளிற் சிலர், ஓசையின்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழக்கூடிய ஓணான், பாம்பு முதலிய ஊர்வனவற்றின் மீது விருப்பங் கொள்கின்றனர். அவ்வாறு வளர்க்கப்படும் பிராணிகளின் கூண்டில் இடும் மரத்தைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு கிளையை ஒடித்துப் போட்டால் தீர்ந்தது’ என்று நீங்கள் எண்ணலாம். நாங்களும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

முதற்கண் ஒன்றைச் சொல்லிவிடல் கடமையாகும். நம் நாட்டு நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வளர்த்தல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர், அச்சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், 2024-இல் வெளியான விதிகளின்படியும் அவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நாம் இங்குக் கூறுவன யாவும் முறைப்படி பெற்று வளர்க்கப்படும் பிராணிகளுக்கே பொருந்தும்.

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது தாடி ஓணான் என்னும் பிராணி. ஆஸ்திரேலிய நாட்டின் உட்பகுதியிலுள்ள வறண்ட நிலம் அதன் தாயகம். கழுத்தின் கீழே முள் போன்ற செதில்கள் இருக்கும். சினங்கொண்டால் அப்பகுதி கறுத்து உப்பித் தாடி போலத் தோன்றும். பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் அதற்குத் ‘தாத்தா’ என்று பெயர் வைத்தாள். எங்கள் தாயாருக்கு முதலில் இது சிறிதும் பிடிக்கவில்லை. “வேலியிலே கிடக்கிற ஓணானுக்கு வீட்டுக்குள்ளே விளக்குப் போட்டு வைக்கிறதா?” என்று பல நாள் முணுமுணுத்தார். நாளடைவில் கீரை ஆயும்போது இளந்தளிர்களைத் தனியே எடுத்து வைக்கத் தொடங்கினார்.

இத்தகைய பிராணிக்கு மரம் வெறும் அலங்காரம் அன்று. ஊர்வனவற்றின் உடலில் தானாக வெப்பம் நிலைபெறுவதில்லை. வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி அமர்ந்தே அவை உடல் வெப்பத்தைச் சீர்செய்து கொள்கின்றன. தாடி ஓணான் தன் நாட்டில் வேலிக் கம்பத்தின் மீதும், வீழ்ந்து கிடக்கும் கிளைகளின் மீதும் ஏறி வெயில் காயும். பெட்டிக்குள் வளர்ந்த ஓணானுக்கு அது அமரும் கிளையின் உச்சியில் ஏறக்குறைய 38 முதல் 42 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். பெட்டியின் மறு கோடி குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். ஏறி இறங்குவதனால் தசைகள் வலுப்பெறுகின்றன, நகம் தேய்கிறது, தோல் உரியும் பருவத்தில் உரசிக்கொள்ளவும் கிளை உதவுகிறது. எனவே மரம் வேண்டுமா என்பது கேள்வியே அன்று. எந்த மரம் என்பதே கேள்வி.

இனி எங்கள் பிழையைக் கூறுவோம்.

பெட்டியின் அடியில் பரப்புவதற்கு எதையாவது கொண்டுவருமாறு மகள் கேட்டாள். எங்கள் தெரு முனையில் தச்சுவேலை செய்பவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பட்டறையில் இழைப்புளியிலிருந்து விழுந்த சீவல்கள் குவிந்து கிடந்தன. கேட்டவுடன் ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். “தியார் மரம், நல்ல மரம்” என்று இந்தியில் சொன்னார். தியார் என்பது இன்ன மரம் என்று நமக்குத் தெரியாது. தெரியாத சொல்லைக் கேட்டால் நின்று பொருள் கேட்பதுதான் நம் தொழில். அன்று தலையசைத்துவிட்டு வந்துவிட்டோம்.

சீவலைப் பரப்பி விளக்கை ஏற்றியதும் அறை முழுவதும் நறுமணம் கமழ்ந்தது. “கோயிலுக்குள்ளே நுழைந்தாற்போல இருக்கிறது” என்று தாயார் மகிழ்ந்தார். ஐந்தாம் நாள் ஓணான் இரை எடுக்கவில்லை. கண்களை மூடியே கிடந்தது. வாயைத் திறந்து வைத்திருந்தது. வெயில் காயும்போது மிகுந்த சூட்டைத் தணித்துக்கொள்ள வாய் திறப்பது இவ்வினத்துக்கு இயல்பு என்று படித்திருந்தோம், ஆதலால் கவலைப்படவில்லை. ஆனால் விளக்கை அணைத்த பிறகும், குளிர்ந்த மூலையில் ஒதுங்கியிருந்த போதும் அது வாயைத் திறந்தபடியே இருந்தது. மூச்சு விடுகையில் மெல்லிய சீழ்க்கை போன்ற ஒலி எழுந்தது. அதை முதலில் கவனித்தவள் மகள்தான். நாங்கள் அதற்கும் ஒரு நாள் கழித்தே மருத்துவரிடம் கொண்டு சென்றோம்.

கால்நடை மருத்துவர் கேட்ட முதற் கேள்வி: “கீழே என்ன பரப்பியிருக்கிறீர்கள்?” மரச்சீவல் என்றோம். “என்ன மரம்?” என்றார். எங்களுக்கு விடை தெரியவில்லை. தச்சர் சொன்ன சொல்லை நினைவுகூர்ந்து, “தியார்” என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்து, “தேவதாருவா?” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எங்கள் அறியாமை முழுவதும் வெளிப்பட்டது. ஓணான் வளர்ப்பைப் பற்றிய ஆங்கில நூலில் ‘சிடார் மரத்தைத் தவிர்க்க’ என்று தெளிவாக எழுதியிருந்ததை நாங்கள் படித்தே இருந்தோம். சிடார் என்றதும் எங்கள் உள்ளத்தில் எழுந்த தமிழ்ச்சொல், தமிழ் விவிலியத்தில் வழங்கும் ‘கேதுரு’ என்பதே. கேதுரு லெபனான் நாட்டு மரம். அது இங்கு ஏது என்று அந்த வரியைக் கடந்து சென்றுவிட்டோம். நம் இமயத்துத் தேவதாரு, லெபனானின் கேதுருவுக்கு உடன்பிறப்பு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தத் தேவதாருவையே வடநாட்டு மரவாடிகளில் ‘தியார்’ என்றும் ‘தேவ்தார்’ என்றும் வழங்குகின்றனர். ஒரே மரம் நான்கு பெயர்களோடு எங்கள் வாசலுக்கு வந்தது. நான்கையும் ஒன்றென அறியாமல், சொற்களையே தொழிலாகக் கொண்ட நாங்கள் அதை உள்ளே விட்டோம்.

பெயர்க் குழப்பம் இதனோடு முடிவதில்லை. ஆங்கிலத்தில் சிடார் எனப்படும் எல்லா மரங்களும் உண்மையான கேதுரு அல்ல. அமெரிக்காவில் பென்சில் செய்யப் பயன்பட்ட செஞ்சிடார் ஜூனிப்பர் இனத்தது. மேற்கு அமெரிக்கச் செஞ்சிடார் தூயா இனத்தது. நம் தென்னாட்டிலோ தேவதாரம் என்ற பெயரில் முற்றிலும் வேறான ஒரு சிறு மரம் வழங்குகிறது. பெயரை மட்டும் நம்பி மரத்தைத் தேர்தலும் தவறு. பெயரையே கேளாமல் தேர்தல் அதனினும் தவறு.

இம்மரங்களில் அப்படி என்ன தீங்கு உள்ளது? தேவதாரு எளிதில் மக்குவதில்லை; கறையானும் பிற பூச்சிகளும் அதனை எளிதில் அண்டுவதில்லை. அதனால்தான் இமாசலத்துக் கோயில்களை அம்மரத்தால் எழுப்பினர். காஷ்மீரத்துப் படகு வீடுகளை அம்மரத்தால் கட்டினர். பூச்சிகளை விரட்டுவது அதனுள் இருக்கும் நறுமண எண்ணெய். மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் படைத்துக்கொண்ட மருந்து அது. திறந்த வெளியில் காற்றோடு கலந்துவிடும் அந்த ஆவி, கண்ணாடிப் பெட்டிக்குள், அதுவும் விளக்கின் சூட்டில், மேலும் மேலும் எழுந்து அங்கேயே தங்குகிறது. மேற்கு அமெரிக்கச் செஞ்சிடாரின் தூளிலுள்ள பிளிகாடிக் அமிலம் மர ஆலைத் தொழிலாளருக்கு ஆஸ்துமாவை உண்டாக்குவது நன்கு அறியப்பட்ட செய்தி. செஞ்சிடார்ச் சீவலின் மீது வைக்கப்பட்ட எலிகளின் கல்லீரல் நொதிகள் மாறுதலடைந்ததை 1967-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஓணானின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நம்மைப் போல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே வலிய தசைத்திரை அதற்கு இல்லை. நுரையீரலில் சளி கட்டினால் இருமி வெளியேற்ற அதனால் இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மணம் பொறுக்கவில்லை என்றால் நாம் எழுந்து வேறு அறைக்குப் போகிறோம். பெட்டிக்குள் இருக்கும் பிராணி எங்கே போகும்?

நோய்க்குச் சீவல் ஒன்றே காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. கிருமியும் சேர்ந்திருக்கிறது, ஆவி அதற்கு வழி திறந்திருக்கலாம் என்றார். சீவலை முழுவதும் அகற்றிவிட்டு வெறும் தாளைப் பரப்பச் சொன்னார். ஊசி மருந்து கொடுத்தார். வெப்பம் சரியாக இருந்தால்தான் மருந்து வேலை செய்யும் என்று எச்சரித்தார். ஆறு வாரம் நாங்கள் அந்தப் பெட்டியின் முன்னே காத்திருந்தோம். முதல் இரண்டு வாரம் மகள் எங்களோடு அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு முறை, “அப்பா, அந்தப் புத்தகத்தில் போட்டிருந்ததே, நீங்கள் படித்தீர்கள் அல்லவா?” என்று கேட்டாள். அதற்கும் எங்களிடம் விடை இல்லை. பிராணி பிழைத்தது, ஆனால் முன்போல் விரைந்து ஏறுவதில்லை. அந்த ஆறு வாரத்தில் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இனி வரிசையாகச் சொல்லுகிறோம்.

தவிர்க்க வேண்டியவை முதலில். தேவதாருவும், இந்தியில் ‘சீட்’ எனப்படும் இமயத்துப் பைன் மரமும் பிசினும் மணமும் மிக்கவை, கூண்டுக்கு ஆகா. கற்பூர மரமும் அத்தகையதே. வேம்பு எல்லாவற்றுக்கும் நல்லது என்பது நம்மவர் நம்பிக்கை. பூச்சிகளை மடக்கும் கசப்பு அதனுள் இருப்பதால் மூடிய பெட்டிக்கு அதனையும் விலக்குவதே மேல். யாவற்றினும் கொடியது அரளி. தில்லிச் சாலைகளின் நடுவே ‘கனேர்’ என்ற பெயரில் அது வரிசையாக நிற்கிறது. குச்சி நேராகவும் வழவழப்பாகவும் இருப்பதால் கண்ணைக் கவரும். அதன் ஒவ்வோர் உறுப்பிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. பால் வடியும் கள்ளி, எருக்கு ஆகியவற்றையும், எட்டி மரத்தையும் தொடவே வேண்டா. தில்லியின் குன்றுக்காட்டில் மண்டிக் கிடக்கும் ‘விலாயதி கீக்கர்’, நம் இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலமே. அதன் முள் ஆழக் குத்தும்.

பதப்படுத்திய மரத்தைப் பற்றி இன்னும் எச்சரிக்கை தேவை. செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றன் உப்புகளையும் மரத்துக்குள் செலுத்திக் கறையானைத் தடுக்கும் முறையை 1933-இல் கண்டவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோண்டி காமேசம் என்னும் நம் நாட்டு அறிஞரே. உலகெங்கும் கம்பங்களையும் வேலிகளையும் அம்முறை காத்தது. ஆயினும் ஆர்செனிக் பாஷாணம் அல்லவா? 2003-ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான மரங்களில் அதனைக் கைவிட்டனர். இளம்பச்சை நிறம் ஏறிய மரத்தைக் கண்டால் விலகிவிடுங்கள். பழைய இரயில் பாதைக் கட்டைகளில் தார் எண்ணெய் ஊறியிருக்கும், அவையும் உதவா. இறக்குமதிச் சரக்கோடு வரும் பெட்டிப் பலகைகளில் எச்.டி. என்னும் ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தால் சூட்டினால் பதப்படுத்தியது என்று பொருள், எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்னும் நச்சுப் புகை ஊட்டியது என்று பொருள். வார்னிஷும் வண்ணமும் பூசிய மரமும், பசையால் ஒட்டிய பிளைவுட் பலகையும் விளக்கின் சூட்டில் ஆவி விடும்.

அப்படியானால் எதைத்தான் இடுவது? கொய்யாக் கிளை மிக நன்று. பட்டை மெல்லியது, பிசின் இல்லை, கட்டை உறுதியானது. வடநாட்டில் ‘அம்ரூத்’ என்று கேளுங்கள். ‘ஷஹ்தூத்’ எனப்படும் மல்பெரிக் கிளையும் ஏற்றது. இவை இரண்டும் வீட்டுத் தோட்டங்களில் கிளை கழிக்கும் காலத்தில் எளிதாகக் கிடைக்கும். சாலை மரத்தை ஒடிக்காதீர்கள்; 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடந்தராது. பூச்சிமருந்து அடித்த தோட்டத்துக் கிளையையும் ஏற்காதீர்கள். மூங்கிலும் ஆகும்; ஆனால் பிளந்த ஓரம் கத்தி போல் அறுக்கும், வழவழப்பான பகுதியில் நகம் பற்றாது. குட்டிப் பல்லிகள் ஒளிந்துகொள்ள நம் வீட்டுச் சமையலறைச் சிரட்டையே போதும். நாரைச் சுரண்டி, விளிம்பைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் நல்ல குகையாகும்.

கிளையைக் கொண்டுவந்தவுடன் பெட்டிக்குள் வைத்துவிடலாகாது. உரிந்து தொங்கும் பட்டையை நீக்குங்கள். அதன் அடியில்தான் பூச்சி முட்டைகளும் உண்ணிகளும் பதுங்கியிருக்கும். சோப்பு இன்றி வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். சிறு கிளையானால் அண்டாவில் இட்டு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். பெரிதானால் கொதிநீரைப் பல முறை மேலே ஊற்றுங்கள். பிறகு வெயிலில் காய வையுங்கள். தில்லியின் வைகாசி வெயிலில் சில நாட்கள் போதும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஆகும். ஈரம் உள்ளே நின்றால் பெட்டிக்குள் பூஞ்சணம் பூக்கும். சிலர் மின்னடுப்பில் வைத்துச் சுடுவதுண்டு. அவ்வாறு செய்வோர் குறைந்த சூட்டில் வைத்து, அருகிலிருந்து அகலாமல் காத்தல் வேண்டும்.

கிளையின் பருமன் பிராணியின் உடற்பருமனுக்குக் குறையாதிருக்கட்டும். கனமான கட்டையை மணலின் மேல் நிறுத்தாதீர்கள். ஓணான் அடியில் தோண்டினால் கட்டை சரிந்து நசுக்கிவிடும். பெட்டியின் தரையிலேயே அது ஊன்றி நிற்க வேண்டும். தலையோ காலோ மாட்டிக்கொள்ளும் கவைகளை வெட்டிவிடுங்கள். விளக்குக்கும் கிளை உச்சிக்கும் இடையே போதிய தூரம் வைத்து, பிராணி அமரும் இடத்திலேயே வெப்பமானியை வைத்து அளந்து பாருங்கள். உலர்ந்த மரம் விளக்கைத் தொட்டால் கருகும், தீயும் பற்றும். மரம் நீரையும் அழுக்கையும் உள்ளே உறிஞ்சும் இயல்பினது. ஆதலால் இரண்டு கிளைகளை வைத்துக்கொண்டு, ஒன்று பெட்டியில் இருக்க மற்றதைக் கழுவிக் காய வைப்பது நல்ல வழக்கம். தாடி ஓணானுக்கு அடியில் பரப்ப எந்தச் சீவலும் வேண்டா. இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். தாள் போதும்.

எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மரத்தின் பெயரையும் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மகள் அதில் எழுதி வைத்திருக்கிறாள். தேவதாரு, தியார், கேதுரு, சிடார் என்னும் நான்கையும் ஒரே வரியில் எழுதி, அதன் கீழே சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறாள். சரிபார்த்துத் தருமாறு எங்களிடம் கொடுத்தாள். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அயல்மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்குக் கடைக்காரர் சொல்லும் பல சொற்கள் அரைகுறையாகவே விளங்குகின்றன. கறிகாய் வாங்குமிடத்தில் அதனால் பெரிய நட்டம் இல்லை. ஆனால், தானாகத் தேர்ந்துகொள்ளும் வழியற்ற ஓர் உயிருக்காக ஒரு பொருளை வாங்கும்போது, வெட்கப்படாமல் நின்று, “இது என்ன மரம்? இதற்கு வேறு பெயர் உண்டா?” என்று இரண்டு முறை கேட்போமாக. விடை தெரியாத மரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோமாக.